புதிய சட்டத்திற்கு முன் பழைய பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததை ஒட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்டுவரும் செய்திகளைத் தவறாமல் படித்து வருகிறேன். அவற்றுள் ஒன்று ‘ஓராண்டு வேலை பார்த்தாலே பணிக்கொடை’ (கிராஜுவிட்டி, வேலையை விட்டு நிற்கும்போது தரும் தொகை) என்று கொட்டை எழுத்துத் தலைப்புடன் வந்த மறுநாள், என் மேசைக்கு முன்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் பதினான்கு மாதம் வேலை பார்த்துவிட்டு நின்றுகொண்ட அயர்னிங் தொழிலாளி. மற்றவர் அவருடைய முதலாளி. இருவர் கையிலும் அதே பக்கம்தான் இருந்தது. ஒருவருக்கு அது வரவேண்டிய பணமாகவும், மற்றவருக்கு அது தலையில் விழுந்த கல்லாகவும் தெரிந்தது.

அந்தத் தலைப்பில் விடுபட்டது ஒரு சிறிய விவரம். குறிப்பிட்ட காலத்திற்கு என்று எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்து வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்குத்தான் ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு. மற்றவர்களுக்கு ஐந்தாண்டுத் தொடர் பணி என்ற பழைய நிபந்தனை பொதுவாக அப்படியே நீடிக்கிறது. இவர் எந்த வகை என்று முதலாளியிடம் கேட்டேன். “வகையெல்லாம் என்னங்க, வேலைக்கு வந்தாரு, போட்டுக்கிட்டோம்” என்றார். நியமனக் கடிதம் என்று ஒரு காகிதமும் இல்லை. இக்கடிதத்தை எழுதத் தூண்டியது தங்கள் தலைப்பு அல்ல, அந்தப் பதில்தான்.

திருப்பூரில் இருபத்தாறு ஆண்டுகளாகச் சிறிய பனியன் கம்பெனிகளுக்கும், மற்ற நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் சம்பளப் பதிவேடு, வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. கணக்குகளை எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். தொழிற்சங்கத்திலும் இல்லை, முதலாளிகள் சங்கத்திலும் இல்லை. எனக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் முதலாளிகளே என்பதையும் மறைக்கவில்லை. சட்ட மாற்றத்துக்கு முதலாளிகள் எப்படித் தயாராக வேண்டும் என்று இப்போது ஊர்தோறும் பேசப்படுவதில் பெரும்பகுதி தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது என்பது என் கருத்து. புதிய சட்டத்திற்குத் தயாராவது என்பது முக்கால்வாசி பழைய சட்டத்தின் பாக்கியைத் தீர்ப்பதுதான். அதைச் செய்யாதவர் எத்தனை கருத்தரங்குகளுக்குப் போனாலும் தயாராகப் போவதில்லை.

இது திடீரென வந்த சட்டமும் அல்ல. 29 மத்தியச் சட்டங்களை நான்காகத் தொகுக்கும் இந்த முயற்சியில் ஊதியத் தொகுப்பு 2019 ஆகஸ்டிலும், தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகிய மற்ற மூன்றும் 2020 செப்டம்பரிலும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றுவிட்டன. அதற்குப் பிறகு ஐந்தாண்டுகள் அவகாசம் கிடைத்தது. அந்த ஐந்தாண்டுகளில் என் வாடிக்கையாளர்களுள் ஒருவர்கூட இதற்காக ஒரு நோட்டைத் திறந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. “அது வராதுங்க” என்பதே எல்லோருடைய தயாரிப்பாகவும் இருந்தது. நானும் வற்புறுத்தவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நடைமுறைக்கு வந்த பிறகு எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றே: “பி.எஃப். கூடாத மாதிரி சம்பளத்தை எப்படிப் பிரிக்கலாம்?” இந்தக் கேள்விக்கு இனிமேல் விடை இல்லை என்பதைத்தான் புதிய ‘ஊதியம்’ என்ற வரையறை சொல்கிறது. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி போன்றவை ஊதியம். வீட்டு வாடகைப்படி, பயணப்படி, மிகைநேர ஊதியம், கமிஷன் போன்றவை அதில் சேராதவை. ஆனால் சேராதவற்றின் கூட்டுத்தொகை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையை ஊதியமாகவே கொள்ள வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. படிகளின் பெயரைத் தேவைக்கேற்ப மாற்றி மாற்றி எழுதும் பழைய வித்தைக்கு இங்கே ஒரு வேலி போடப்பட்டிருக்கிறது. அந்த வித்தையை என் கையாலேயே பல பதிவேடுகளில் செய்திருக்கிறேன் என்பதால், வேலி எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். மாதம் 30,000 ரூபாய் வாங்கும் ஒரு தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளருக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000, வீட்டு வாடகைப்படி 10,000, பயணப்படி 8,000 என்று பதிவேட்டில் இருப்பதாகக் கொள்வோம். ஊதியத்தில் சேராத தொகை 18,000. மொத்தத்தில் பாதி 15,000. அதைத் தாண்டிய 3,000 ரூபாய் ஊதியத்தோடு சேர்ந்துவிடுவதால், அவருடைய ஊதியம் 15,000 ஆகிறது. பணிக்கொடை என்பது ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் ஊதியம். மாதத்தை 26 நாளாக வகுத்துக் கணக்கிட வேண்டும். பத்தாண்டு பணி செய்தவருக்கு 12,000 ரூபாய் அடிப்படையில் ஏறக்குறைய 69,230 ரூபாய் வந்தது. 15,000 ரூபாய் அடிப்படையில் அது 86,540 ரூபாயாகிறது. ஒருவருக்கு வித்தியாசம் 17,300 ரூபாய் என்றால், இதே நிலையில் நாற்பது பேர் இருக்கும் கம்பெனிக்கு ஏறத்தாழ 6 லட்சத்து 92 ஆயிரம் ரூபாய். யாருக்கும் ஒரு ரூபாய்கூடச் சம்பளம் உயராமலேயே இந்தக் கடன் ஏறி நிற்கிறது.

டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் இதைக் கணக்கிட்டு, 2025 டிசம்பர் காலாண்டு முடிவிலேயே தலா ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிக் காட்டின. எங்கள் ஊர்ச் சிறு நிறுவனங்களில் பணிக்கொடைக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கும் வழக்கமே மிகக் குறைவு. ஆள் நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் நடைமுறை. ஆள் நிற்பது எப்போதும் ஆர்டர் குறைந்த காலத்தில்தான் நடக்கும் என்பதும், அப்போது கையில் பணம் இருக்காது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகவே முதலாளி முதலில் உட்கார வேண்டியது வழக்கறிஞரோடு அல்ல, பணியில் சேர்ந்த தேதிவாரியாகத் தன் ஆட்களின் பட்டியலோடு. ஒவ்வொருவருக்கும் இன்றைய நிலையில் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று ஒரு மாலை நேரத்தில் எழுதி முடித்துவிடலாம். எழுதியவுடன் வயிறு கலங்கும்; ஆனால் அது சட்டம் கொண்டுவந்த கலக்கம் அல்ல.

அடுத்து, இந்த ஊருக்கே உரிய ஒன்றரை ஷிப்ட் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர் வாசகர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். இங்கே எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழுந்தால் அன்றைக்கு ஒன்றரை ஷிப்ட். ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று பேசியிருந்தால் அன்றைய கூலி 900 ரூபாய். அதாவது, எட்டு மணி நேரத்திற்கு மேல் உழைத்த நான்கு மணி நேரமும் சாதாரண விகிதத்திலேயே கணக்காகிறது. மிகைநேரத்திற்கு இரட்டிப்பு என்று சட்டம் சொல்வதால் அந்த நான்கு மணி நேரத்திற்கு 600 ரூபாய் சேர்ந்து 1,200 ரூபாய் தந்திருக்க வேண்டும். தொழிலாளிக்கும் இது பழகிப்போய்விட்டது. “எத்தனை ஷிப்ட் ஓடும்?” என்று கேட்டுவிட்டுத்தான் அவரும் வேலைக்கு வருகிறார், ஒரு ஷிப்ட் மட்டும் ஓட்டும் கம்பெனிக்கு டெய்லர் கிடைப்பதே கடினம்.

இரட்டிப்பு ஊதியம் புதிய சட்டம் கண்டுபிடித்தது அல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அது இருந்தது. புதிய ஊதியத் தொகுப்பும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பும் அதையே திரும்பச் சொல்கின்றன. தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்பதை மட்டும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. இருந்தும் ஒரு வாடிக்கையாளர் என்னிடம், “இனிமேல் ஓ.டி.க்கு டபுள் தரணுமாமே, புதுசா கொண்டாந்துட்டாங்களே” என்று வருத்தப்பட்டார். எழுபத்தேழு ஆண்டுப் பழைய கடமையைப் புதுச் செய்தியாக அவருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது பத்திரிகைதான் என்ற வகையில் தங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இந்த ஒன்றரை ஷிப்ட்டை மறைப்பதற்காகத்தான் பல இடங்களில் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று ஆய்வாளருக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆடிட்டுக்கும் காட்டுவதற்கு; அதில் எல்லோரும் எட்டு மணி நேரமே வேலை செய்திருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விடுமுறை எடுத்திருப்பார்கள். மற்றொன்று மேஸ்திரியின் சட்டைப் பையில் இருக்கும் நாற்பது பக்க நோட்டு. எண்ணெய்க் கறையும் பென்சில் எழுத்துமாக, பெயருக்கு நேரே 1½, 1½, 1, 2 என்று எழுதியிருக்கும். சனிக்கிழமை மாலை சம்பளக் கவரில் பணம் விழுவது இந்தப் பென்சில் நோட்டின்படிதான்.

இங்குதான் முதலாளிகள் கவனிக்காத ஒரு மாற்றம் இருக்கிறது. ஊதியம் தரவில்லை அல்லது குறைவாகத் தந்தார்கள் என்று ஒரு தொழிலாளி உரிமை கோரினால், முழுமையாகத் தந்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியின் மேல் இருக்கிறது என்று ஊதியத் தொகுப்பு நேரடியாகவே எழுதிவிட்டது. அப்படிக் கோருவதற்கு மூன்று ஆண்டுகள் வரை அவகாசமும் கொடுத்திருக்கிறது. மூன்றாண்டுக்கு முந்தைய ஒரு மார்ச் மாதத்து இரண்டாவது வாரத்தில் இன்னார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று கேட்டால், அழகாக எழுதிய பதிவேடு எட்டு மணி நேரம் என்று சொல்லும். கவரில் போன தொகை அதற்குப் பொருந்தாது. தொழிலாளியின் கைபேசியில் அந்தப் பென்சில் பக்கத்தின் புகைப்படம் இருக்கும். இப்போதெல்லாம் சனிக்கிழமை தோறும் அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளாத இளைஞரை நான் பார்ப்பதில்லை. முதலாளியைக் காப்பாற்றும் என்று நம்பி எழுதிய நோட்டே அவருக்கு எதிர்ச்சாட்சியாகும்.

ஆகவே தயாரிப்பின் அடுத்த வேலை நோட்டை ஒன்றாக்குவது. நேர்ந்தது நேர்ந்தபடி எழுதப்பட வேண்டும். இதைச் சொன்னால், ஒரே மாதத்தில் இரட்டிப்புக் கொடுக்கத் தொடங்கினால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்கிறார்கள். அது முற்றிலும் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் கணக்கு எழுதும் ஓரிடத்தில் அந்த முதலாளி வேறு வழியைப் பார்த்தார். இரவு ஆறரைக்கு மேல் தைத்த பீஸ்களில் எத்தனை செக்கிங்கில் திரும்பி வருகின்றன என்று நான்கு வாரம் தனியாக எண்ணச் சொன்னார். எண்ணிக்கை வந்தபின், வாரத்தில் மூன்று நாள் ஒரே ஷிப்ட்டோடு நிறுத்திவிட்டு, மற்ற நாட்களின் கூடுதல் நேரத்திற்கு இரட்டிப்புக் கொடுக்க ஆரம்பித்தார். எல்லோருக்கும் இது ஒத்துவருமா என்பது வேறு. அவர் சட்டப் புத்தகத்தைத் திறக்கவில்லை, தன் கம்பெனியில் திரும்பி வந்த பீஸ்களை எண்ணிப் பார்த்தார் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, வேலையை விட்டு நிற்பவரின் கணக்கு. நீக்கினாலும், ஆட்குறைப்புச் செய்தாலும், அவராகவே ராஜினாமா செய்தாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியத்தைத் தீர்க்க வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. முன்பு முதலாளி நிறுத்தினால் மட்டுமே இரண்டு நாள் கெடு இருந்தது. தானாக நிற்பவருக்கும் அது இப்போது பொருந்துகிறது என்பதுதான் மாற்றம். சில ஆண்டுகளுக்கு முன், என் பொறுப்பில் இருந்த ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த ஓர் அம்மாள், மகளின் பிரசவத்திற்காக நின்றுகொண்டார். ஒன்பது நாள் கூலி பாக்கி. மூன்று சனிக்கிழமைகள் மாலையில் வந்து, வாசலில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். பணம் இல்லாமல் அல்ல. கணக்குப் பார்க்கும் நான் வேறு கம்பெனியில் இருந்தேன், கையெழுத்துப் போடும் முதலாளி டெல்லியில் இருந்தார், மேஸ்திரிக்கு அதிகாரம் இல்லை. நான்காவது சனிக்கிழமை பணத்தைக் கொடுத்தபோது அந்த அம்மாள் எதுவும் சொல்லவில்லை, ரூபாயை இரண்டு முறை எண்ணிவிட்டுப் போனார்.

அந்த நிகழ்ச்சியை வைத்துப் பார்த்தால், இரண்டு நாளில் கணக்கு முடிப்பதற்கு என்ன தேவை என்பது விளங்கும். விடுப்புக் கணக்கு, முன்பணப் பாக்கி, அந்த வாரத்து ஷிப்ட் ஆகியவை அன்றன்றைக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும். முதலாளி ஊரில் இல்லாதபோது கையெழுத்திட இன்னொருவருக்கு எழுத்துமூலம் அதிகாரம் இருக்க வேண்டும். தீபாவளிக்கு வாங்கிய முன்பணத்தை மொத்தமாகக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்ற பழக்கத்தையும் இனி யோசிக்க வேண்டும். ஒரு சம்பளக் காலத்தில் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பத்து நிமிடம் தாமதமாக வந்தவருக்கு அரை ஷிப்ட்டை வெட்டுவதும் அப்படியே. வராத நேரத்திற்கு உரிய அளவை மிஞ்சிப் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை.

நியமனக் கடிதத்திற்கு வருகிறேன். ஒவ்வொரு பணியாளருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும், ஏற்கெனவே வேலையில் இருந்து இதுவரை கடிதம் பெறாதவர்களுக்கும் தர வேண்டும் என்பது பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் ஏற்பாடு. இதற்குப் பல கம்பெனிகள் செய்திருப்பது என்னவென்றால், இணையத்தில் கிடைத்த ஆறு பக்க ஆங்கிலக் கடிதம் ஒன்றை இறக்கி, பெயரை மட்டும் மாற்றி அச்சிட்டு, வரிசையாக நிற்க வைத்துக் கையெழுத்து வாங்கியதுதான். அப்படி வாங்கிய ஒரு கட்டில், ‘ரகசியங்களை வெளியிடாமை’, ‘பங்கு விருப்பு உரிமை’ என்றெல்லாம் பத்திகள் இருந்தன. கையெழுத்திட்டவர் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி ஒட்டுபவர்.

கடிதம் ஒரு பக்கத்தில் அடங்கும். எந்தத் தேதியிலிருந்து, என்ன வேலைக்கு, ஷிப்டுக்கு அல்லது பீசுக்கு எவ்வளவு கூலி, அது எந்த நாளில் கிடைக்கும், குறிப்பிட்ட காலத்திற்கா இல்லையா, வைப்பு நிதி மற்றும் இ.எஸ்.ஐ. எண் என்ன, நிற்க வேண்டுமானால் யாரிடம் சொல்ல வேண்டும். இவ்வளவு போதும், விதிகள் கேட்கும் வேறு விவரம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். அது தமிழில் இருக்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு ஒடியாவிலும் இந்தியிலும் இருக்க வேண்டும். தனக்குப் புரியாத காகிதத்தில் கையெழுத்திட்டவர், நாளை ஒரு தகராறு வந்தால் ‘என்னவென்றே தெரியாமல் போட்டேன்’ என்று சொல்வார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். புலம்பெயர் தொழிலாளர் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்கள், அவர்கள் ஊருக்குப் போய்வரும் பயணச் செலவைத் தருவது பற்றியும் அந்தத் தொகுப்பில் ஏற்பாடு இருப்பதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். இடைத்தரகர் மூலம் வராமல் தானாகவே ரயிலேறி வந்தவரும் இப்போது அந்த வரையறைக்குள் வருகிறார்.

விடுப்பிலும் ஒரு மாற்றம் உண்டு. ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கே ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு என்றிருந்தது 180 நாளாகக் குறைந்திருக்கிறது. இருபது நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கு மாறவில்லை. ஹோலிக்கு ஒருமுறையும் சத் பூஜைக்கு ஒருமுறையுமாக ஊருக்குப் போய்த் திரும்பும் வட மாநிலத் தொழிலாளர்கள் 240 நாளை எட்டாமலேயே விடுப்பை இழந்து வந்தார்கள். இனி 200 நாள் வேலை செய்தவருக்குப் பத்து நாள் உண்டு. சம்பள மென்பொருளில் இந்த ஓர் எண்ணை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. மாற்றாதவர்கள் இன்னும் நிறையப் பேர்.

சிலர் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்ளும் செய்தி, தொழிற்சாலை என்பதற்கான எண்ணிக்கை மின்சக்தி உள்ள இடங்களில் பத்திலிருந்து இருபதாக உயர்ந்துவிட்டது என்பது. பதினைந்து பவர் டேபிள், அதாவது மின்சாரத் தையல் மெஷின், வைத்திருக்கும் ஒருவர், “நம்ம கம்பெனி இனிமேல் ஃபேக்டரியே இல்லீங்க” என்று இனிப்புக் கொடுக்காத குறையாகச் சொன்னார். ஆனால் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் பொதுவான கடமைகள் பத்துப் பேர் வேலை செய்யும் எந்த நிறுவனத்திற்கும் பொருந்தும். ஊதியத் தொகுப்புக்கு எண்ணிக்கையே கிடையாது. ஒரே ஓர் ஆளை வைத்திருந்தாலும் குறைந்தபட்ச ஊதியமும் மிகைநேர இரட்டிப்பும் உண்டு. அவர் நம்பிய விடுதலை அத்தனை பெரியது அல்ல.

பெரிய கம்பெனிகளுக்கு வேறொரு கவலை இருக்க வேண்டும். தையல் பகுதியையே உள்ளே ஒரு காண்டிராக்டரிடம் விட்டு, அவர் ஆளைக் கொண்டுவந்து அவரே சம்பளம் கொடுப்பது இங்கே பரவலான ஏற்பாடு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ ஒப்பந்தத் தொழிலாளர் இருக்கும் இடங்களில், நிறுவனத்தின் மையத் தொழிலில் ஒப்பந்தத் தொழிலாளரை வைப்பதற்குச் சில விதிவிலக்குகள் தவிரத் தடை இருக்கிறது. ஆடை செய்யும் கம்பெனிக்குத் தைப்பது மையத் தொழில் இல்லையென்றால் வேறு எதுதான் மையத் தொழில்? காண்டிராக்டர் சம்பளம் தராமல் போனால் முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது.

வெளியே இருக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் நிலையோ வேறு. அவற்றின் முதலாளி பல நேரங்களில் நேற்றுவரை டெய்லராக இருந்தவர். நகையை அடகு வைத்து இருபது மெஷின் வாங்கியவர். பீசுக்கு இத்தனை ரூபாய் என்று ஏற்றுமதி நிறுவனம் நிர்ணயிப்பதுதான் அவருடைய வருமானம். அந்த விலை ஒன்றரை ஷிப்ட்டுக்கு ஒற்றை விகிதம் என்ற கணக்கை உள்ளே வைத்தே போடப்பட்டது. இரட்டிப்பு ஊதியம், பணிக்கொடை, ஆண்டு விடுப்பு எதுவும் அந்த விலையில் இல்லை. சட்டம் அவரை முதலாளி என்கிறது. கணக்கில் அவரும் ஒரு கூலிக்காரர்தான். ஏற்றுமதி நிறுவனங்கள் உண்மையிலேயே தயாராக விரும்பினால், தங்கள் கோப்புகளைச் சரிசெய்வதோடு நிற்காமல், ஜாப் ஒர்க் விலையைப் பேசும்போது இந்தச் செலவுகளைத் தனி வரியாக எழுத வேண்டும். இதைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அது சட்டத்தில் உள்ள குறை என்றே கருதுகிறேன். இந்த ஊரின் தொழில் சங்கங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து கூலி உயர்வு ஒப்பந்தம் போட்ட அனுபவம் உள்ளவை. ஜாப் ஒர்க் விலைக்கும் அப்படி ஒரு மேசை போட முடியாதா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

விதிகள் முழுமையாக வரட்டும், பிறகு பார்க்கலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொழிலாளர் நலம் மத்திய மாநில அரசுகளுக்குப் பொதுவான பட்டியலில் இருக்கிறது. பல விவரங்கள் விதிகளுக்கு விடப்பட்டிருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் நான் மேலே சொன்ன ஊதிய வரையறை, இரண்டு நாள் கெடு, இரட்டிப்பு ஊதியம், நிரூபிக்கும் பொறுப்பு ஆகியவை சட்டப் பிரிவுகளிலேயே இருக்கின்றன. முரண்படாத பழைய விதிகளும் இடைக்காலத்தில் தொடர்கின்றன. மேலும், நீக்கப்பட்டவை மத்தியச் சட்டங்கள்தாம். 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி அளிக்கும் தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் போன்றவை அந்தப் பட்டியலில் இல்லை. எல்லோரையும் குறிப்பிட்ட காலப் பணியாளர்களாக மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று சொல்லித் தரும் ஆலோசகர்கள், இந்த 480 நாளை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

அவசரப்பட்டவர்களின் கதையும் எனக்குத் தெரியும். 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. அந்த வாரமே ஒருவர் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் அட்டவணையை என்னிடம் தட்டச்சுச் செய்து வாங்கி, லேமினேட் செய்து நேரக் கடிகாரத்தின் பக்கத்தில் மாட்டினார். மே 1 அன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்த அட்டவணை இப்போது அவருடைய பஞ்சிங் மெஷினுக்கு அடியில் அதிர்வு தாங்கும் அட்டையாக இருக்கிறது. தனக்குச் சாதகமான மாற்றத்திற்குப் பத்து நாளில் தயாரானவர், பணிக்கொடைப் பட்டியலுக்கு ஐந்தாண்டு போதவில்லை என்கிறார்.

ஆய்வுக்கு வருபவர் முதல் தவறுக்கு உடனே வழக்குப் போடாமல், எழுத்துமூலம் தெரிவித்துத் திருத்திக்கொள்ள அவகாசம் தர வேண்டும் என்று ஊதியத் தொகுப்பில் இருப்பதைப் பலர் சலுகையாக எண்ணுகிறார்கள். ஐந்தாண்டுக்குள் அதே தவறு திரும்ப நேர்ந்தால் அந்த அவகாசம் கிடையாது. குறைவாக ஊதியம் தந்ததற்கு அபராதம் 50,000 ரூபாய் வரை. திரும்பவும் செய்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கிடைக்கும் ஒரே அவகாசத்தைத் திருத்துவதற்குப் பயன்படுத்துவோமா, புதிதாக இன்னொரு நோட்டு எழுதுவதற்குப் பயன்படுத்துவோமா என்பதை முதலாளிகள் இப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். பணிக்கொடை பற்றிய அந்தத் தலைப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இன்றும் அதை வெட்டி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே நான் சொன்ன ஒரு பக்க நியமனக் கடிதத்தின் மாதிரியைத் தமிழிலும் இந்தியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் கத்தரித்து எடுக்கும் வகையில் அச்சிட்டால், சனிக்கிழமை கவரோடு அதையும் சேர்த்துக் கொடுப்பதாக என் வாடிக்கையாளர்கள் நான்கு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மாதிரியை எழுதித் தருவதற்கு நான் தயார். அந்த அயர்னிங் தொழிலாளிக்குப் பணிக்கொடை கிடைக்கவில்லை. ஆனால் நோட்டைப் புரட்டியதில் பதினான்கு மாதத்து ஓ.டி. வித்தியாசம் தெரியவந்தது. அதை இரண்டு தவணையாகத் தருவதாக அவருடைய முதலாளி சொல்லி, முதல் தவணையைக் கொடுத்தும்விட்டார்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கு எழுதும் ஒருவர்,
திருப்பூர்.